பல்லில் நூல்

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடி போங்சி அக்கா "ம்" என்றால், மேலே சொல் என்று அர்த்தம். "ம்ம்ம்" என்று இழுத்தால், நீ சொல்வதை அவள் நம்பவில்லை. இந்த இரண்டு சத்தத்தை வைத்துக்கொண்டே எங்கள் சந்தில் பாதிச் சண்டையைத் தீர்த்துவிடுகிறாள். மிச்சப் பாதி, அவளிடம் வராத சண்டை.

மாட்சோ அம்மன் கோயிலின் பக்கச் சுவரை ஒட்டி ஒரு தார்ப்பாய். அதன் கீழே இரண்டு தாழ்ந்த மூங்கில் நாற்காலி, அவளுக்கு ஒரு முக்காலி, ஒரு டப்பா வெள்ளை மாவு, நூல்கண்டு. கடை என்றால் அவ்வளவுதான். முகம் முழுக்க மாவைப் பூசுவாள். நூலைக் குறுக்கே முறுக்கி ஒரு முனையைப் பல்லில் பிடித்து, இரண்டு கையாலும் இழுத்து இழுத்துப் பூனைமுடியைப் பிடுங்குவாள். வெட்டுக்கிளி பறப்பதுபோல் சரக் சரக்கென்று சத்தம் வரும். எதிரே என் ஸ்கூட்டர் பட்டறை. டயர் கழற்றுகிற இரைச்சலிலும் எனக்கு அது கேட்கும். எங்கள் துறைமுக ஊரான கீலுங்கில் மழை பெய்யாத நாள் குறைவு. தார்ப்பாயில் மழை, கீழே சரக் சரக். என் பகல்கள் அப்படித்தான் போகின்றன.

அவள் முன்பல்லில் நூல் அறுத்த சின்னப் பள்ளம் ஒன்று உண்டு. வெற்றிலைப் பாக்கு மெல்லும் ஆள் சிவப்புப் பல்லைக் காட்டுவதுபோல அதைக் காட்டிச் சிரிப்பாள். ஒரு காலில் பச்சை ரப்பர் பூட்ஸ், மறு காலில் மஞ்சள். இரண்டு ஜோடியில் ஒவ்வொன்று ஓட்டையாகிவிட்டதாம். ஓட்டையில்லாததைத் தூக்கிப்போட அவளுக்கு மனசில்லை.

போங்சி என்ற பெயருக்கு, 'சரி, இதையும் வளர்த்துவைப்போம்' என்று பொருள். வரிசையாகப் பெண்ணாகவே பிறந்த வீட்டில் அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெயரை வைத்துவிடுவார்கள். ஆபீசில் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாமே என்று ஒரு வாடிக்கைக்காரி சொன்னாள்.

"எதுக்குடி மாத்தணும்? வளர்த்தாங்கல்ல?" என்றாள் அக்கா.

நூல் ஓடும்போது கன்னத்தை அசைத்தால் சுருக்கென்று வலிக்கும். அதனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து யாரும் கத்தியதில்லை. கத்த முடியாதவன் மெதுவாகப் பேசுகிறான். மெதுவாகப் பேசுகிறவன் தான் சொல்வது தன் காதிலேயே விழுந்து, கொஞ்சம் கூசிப்போகிறான். பொய் சொன்னால் கூடுதலாக வலிக்கும் என்று சந்தில் ஒரு பேச்சு. அவளிடமே கேட்டேன்.

"மந்திரமெல்லாம் இல்லடா கருப்பா," என்றாள். கிரீஸ் கையனான எனக்கு அவள் வைத்த பெயர் அது. "பொய் சொல்றவன் மூஞ்சி இறுகிப்போகும். இறுகின தோல்ல நூல் வலிக்கத்தான் செய்யும்."

எல்லாரையும் ஜெயித்துவிடுவாள் என்று நினைத்துவிட வேண்டாம். வெளியே ஒலிபெருக்கி வைத்துப் பாடுகிற கோடி வீட்டு ஆள் இன்னமும் பாடிக்கொண்டுதான் இருக்கிறான். மீன் சந்தையில் இருக்கும் சொந்தத் தங்கச்சியோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஏனக்கா என்றால், "அது வேற" என்பாள். அதற்கு மேல் கேட்டால் மாவு டப்பாவை மூடிவிடுவாள்.

இந்த வசந்தத்தில் மீன் உருண்டைக் கடை லாயின் மகள் ஷின்யுவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். எங்கள் வழக்கப்படி சந்து முழுவதையும் அடைத்துக் கூடாரம் போட்டு, வட்ட மேசை போட்டு விருந்து. மண்டபம் பிடிக்கலாம்தான். ஆனால் லாய் பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார். காரில் ஏற்றினால் தெருமுனை தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். மண்டபம் என்றால் மகள் விருந்தில் அப்பன் இல்லை.

சந்திலேயே போடலாம் என்றால் அங்கே இருந்தது கிரேன் பெங்கின் வாசல். லாய் வீட்டுக்கு அடுத்த சுவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பெங் கிழவர், சிமெண்டு நிரப்பிய நாலு டிரம்மைத் தன் வாசலுக்கு முன்னால் வரிசையாக நிறுத்திவைத்திருந்தார். சந்து சரியாக அங்கேதான் அகலம். டிரம் போகாவிட்டால் மேசை போட வழியில்லை.

அந்த டிரம்களுக்கு ஒரு கதை உண்டு. நாலு வருஷம் முன்னால் மாட்சோ ஊர்வலத்தன்று லாய் கொளுத்திய பட்டாசுச் சரம் பறந்து, பெங் வீட்டு வாசல் பந்தல் துணி எரிந்துபோனது. இப்படி ஏதாவது நடந்தால், தவறு செய்தவன் பன்றிக்கால் போட்ட நூடுல்ஸ் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பட்ட கெட்டது விலகும், ஆயுசு நீளும் என்று எங்கள் பக்கத்து முறை. லாயும் கொண்டுபோனார். பெங் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், பாத்திரத்தைத் தொடாமல் வாசற்படியில் வைத்துக் கதவைச் சாத்தினார். மறுநாள் டிரம்கள் வந்து இறங்கின. பந்தல் துணிக்கு இவ்வளவு வீம்பா என்று சந்தே பேசியது.

இப்போது கல்யாணத்துக்காக வட்டத் தலைவர் ஒரு பெட்டி பேரிக்காயோடு போனார். பேரிக்காயோடு திரும்பினார். பெண்ணின் தாய்மாமன் முறையில் ஒருவன் போய் வாசலில் நின்று கத்தினான். பெங் உள்ளேயிருந்து டிவி சத்தத்தைக் கூட்டினார். லாயிடம் போய்ச் சொன்னார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் வாயில் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னார்.

"நல்லது."

"அக்கா, நான் ஜாக்கியப் போட்டு ராவோட ராவா நகத்திடறேன். என்ன பண்ணிடுவாரு?" என்றேன்.

"நாலு டிரம் எட்டாகும்," என்றாள். "நீ போய் ஸ்பேனரத் தொடை."

பெங் மாதம் ஒருமுறை அவள் நாற்காலிக்கு வருவார். மனைவி போன பிறகு அவர் ஒழுங்காகப் போய்வரும் இடம் அது ஒன்றுதான். அன்றும் வந்தார். முகம் முழுக்க மாவு பூசி, பாதிக் கன்னம் முடிந்திருக்கும்போது லாயின் மனைவி லியென் குடையோடு வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் முகத்தை நூலால் திருத்துவது எங்கள் வழக்கம். அதற்கு நாள் சொல்ல வந்திருக்கிறாள். பெங்கைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போகப் பார்த்தாள்.

போங்சி அக்காவுக்குப் பல்லில் நூல். காலை நீட்டி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். லியென் தயங்கி உட்கார்ந்ததும், கையை நீட்டி அவள் முகத்திலும் மாவை அப்பிவிட்டாள்.

"அக்கா, எனக்கு எதுக்கு?"

"பொண்ணோட அம்மா காட்டுப்பூனை மாதிரி நிக்கப்போறியா? காயட்டும். இரு," என்றாள், கடித்த நூலை விடாமல்.

அது தற்செயலா ஏற்பாடா என்று இன்றுவரை அவள் சொல்லவில்லை. வெள்ளை மாவோடு மழையில் இறங்கிப் போக முடியாது. இரண்டு பேரும் கோயில் சுவரைப் பார்த்தபடி பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நான் காற்றடிக்கும் மெஷினை நிறுத்தினேன். வெட்கமில்லாமல் கேட்டேன்.

"டிரம்மப் பத்தி மட்டும் கேக்காதே போங்சி," என்றார் பெங்.

அவள் எதுவுமே கேட்கவில்லை. "ம்."

"துணி எரிஞ்சதுக்கு எவன் கோவிச்சான்? பழைய துணி. நானே கழட்டிப் போடணும்னு இருந்தேன்."

"ம்ம்ம்."

"நெசமாத்தான். துணிக்கு இல்ல."

சரக். சரக். அவள் பாட்டுக்கு நூலை ஓட்டினாள். மழை பெய்தது. பெங் கன்னம் அசையாமல், உதட்டு நுனியால் சொன்னார்.

"நூடுல்ஸ ஒடிச்சு அனுப்பினான் அந்த லாய். துண்டு துண்டா. எம் பொண்டாட்டி உள்ள முடியாம படுத்துக் கெடந்தா. வாசனை பட்டதும், 'என்னங்க அது, பன்னிக்காலா?'ன்னு கேட்டா. பத்து நாளா எதையும் கேக்காதவ அத வேணும்னு கேட்டா. அவளுக்கு ஊட்டலாம்னுதான் மூடியத் தொறந்தேன். சீக்காளி இருக்கிற வீட்டுக்கு ஒடிச்ச நூடுல்ஸா?"

எனக்கு ஸ்பேனர் கையில் நின்றுவிட்டது. நீளமாக, ஒடியாமல், ஒரே இழுப்பாகச் சாப்பிட வேண்டிய நூடுல்ஸ் அது. அதை ஒடித்துக் கொடுப்பதும், சீக்கிரம் போய்ச் சேர் என்று முகத்துக்கு நேரே சொல்வதும் எங்களுக்கு ஒன்று. அந்த வருஷக் குளிர்காலத்தில்தான் அவர் மனைவி இறந்தாள். இத்தனை நாள் இதை ஒருத்தரிடமும் அவர் சொல்லவில்லை. ஒருத்தரும் கேட்கவுமில்லை. டிரம்மை எடு, டிரம்மை எடு என்றுதான் எல்லாரும் போய் நின்றோம்.

போங்சி அக்கா பல்லிலிருந்து நூலை எடுத்தாள். பாதி முகத்தில் அவள் வேலையை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"லியென், அன்னிக்கு நீதானே சமைச்சே?"

லியென் வியட்நாமிலிருந்து இந்தச் சந்துக்கு வாழ வந்தவள். பேச்செல்லாம் எங்கள் பேச்சுதான். பதறினால் மட்டும் ராகம் கொஞ்சம் தடம் மாறும். இப்போது மாறியது.

"எங்க வீட்டுச் சட்டி சின்னதுக்கா. அதுக்குள்ள அடங்கல. ஒடிச்சுப் போட்டேன். ஒடிக்கக் கூடாதுன்னு யாருமே சொல்லலையே! அவரு கடையில கூட்டம்னு, 'பன்னிக்கால், நூடுல்ஸ், சீக்கிரம்'னு மட்டும் சொல்லிட்டுப் போனாரு."

"லாய் பாத்திரத்தத் தொறந்து பாக்கலியா?"

"மூடியக் கட்டிக் கொடுத்துட்டேனே."

லியென் பெங் பக்கம் திரும்பினாள். மாவு காய்ந்து கன்னத்தில் கோடு கோடாக வெடித்திருந்தது.

"மாமா, நான் சமைச்சதுனாலதான் தொடாம வச்சீங்கன்னு நெனச்சேன். வெளிநாட்டுக்காரி கைபட்டது வேண்டாம்னு. அந்தப் பன்னிக்கால் வேக எத்தனை நாழி ஆச்சு தெரியுமா? அத்தனையும் நாய்க்குப் போட்டேன். போட்டுட்டு அழுதேன்."

"எவன் சொன்னான் அப்படி?" என்று பெங் எழுந்தார்.

போங்சி அக்கா உள்ளங்கையை அவர் நெற்றியில் வைத்து அழுத்தி உட்காரவைத்தாள். "அசையாதீங்கண்ணே. பாதி மூஞ்சிதான் ஆயிருக்கு. இப்படியே போனா குழந்தைங்க பயந்துக்கும்."

பெங் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தே சொன்னார்.

"பெரிய சட்டி வேணும்னா எங்க வீட்ல கேட்டிருக்கலாம்ல? ஒரே செவுரு."

"கேட்டா கொடுத்திருப்பீங்களா?"

யோசித்தார். "மாட்டேன்."

முதலில் சிரித்தது லியென்தான். மாவு உதிர்ந்தது. போங்சி அக்கா பள்ளம் விழுந்த பல்லைக் காட்டினாள். பெங் சிரிக்கவில்லை. ஆனால் கன்னம் ஒருமாதிரி ஆடியது.

அப்போதுதான் அக்கா டிரம் பேச்சை எடுத்தாள். ஒரே ஒரு நாளைக்கு வாசலைக் கொடுக்க முடியுமா என்றாள்.

"எடுத்தா மறுநாள் எல்லாப் பயலும் ஸ்கூட்டர நிறுத்துவான்," என்றார் பெங். "அந்தா, காது கொடுத்துக் கேட்டுட்டு நிக்கிறானே, அவன்தான் மொத ஆளு."

நான் இல்லாத டயரைத் தட்டினேன்.

"நிறுத்தினா அவன் மீசைய ஒவ்வொண்ணா பிடுங்கறேன். நூல் என்னோடது," என்றாள்.

"ம்ம்ம்," என்றார் பெங், அவளைப் போலவே. பிறகு லியெனிடம் சொன்னார்: "சமையல்கட்டுல மேல் தட்டுல பெரிய சட்டி இருக்கு. அவளோடது. தூசியா இருக்கும். கழுவி எடுத்துக்க."

அவ்வளவுதான். மன்னிப்பு என்ற வார்த்தை அன்று யார் வாயிலும் வரவில்லை. லியென் போன பிறகு, அதையும் சொல்லவைத்திருக்கலாமே என்றேன் நான்.

"ஏன், அதத் தட்டுல வச்சுத் திம்பியா? போடா."

விருந்தன்று காலை மழை விட்டிருந்தது. பெங்கே என் பட்டறைக்கு வந்து ஜாக்கி கேட்டார். நானும் அவருமாக டிரம்களைச் சுவரோரம் தள்ளினோம். கிரேன் ஓட்டின ஆள், சும்மா சொல்லக்கூடாது, எந்தப் பக்கம் சாய்த்தால் எந்தப் பக்கம் உருளும் என்று விரல் நுனியால் காட்டினார். மூன்றை நகர்த்தியாயிற்று. நாலாவதிடம் போனேன்.

"அது இருக்கட்டும்," என்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றுவிட்டார்.

கூடாரம் ஏறியது. மேசைகள் வந்தன. தாய்மாமன் வந்து பார்த்துவிட்டுக் குதித்தான். "மூணை எடுத்த மனுஷனுக்கு இன்னொண்ண எடுக்க என்ன கேடு? நடு வாசல்ல நிக்குது! பொண்ணோட அப்பா மேசைய அங்கதானே போடணும்?" பெங்கின் தாடை இறுகுவது எனக்குத் தெரிந்தது. சமையல்காரர்கள் அடுக்குப் பாத்திரத்தோடு நின்றுவிட்டார்கள். பெரிய சட்டியைச் சுமந்து வந்த லியென் படியிலேயே நின்றாள். சக்கர நாற்காலியில் லாய் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்லது," என்றார்.

எல்லாரும் போங்சி அக்காவைப் பார்த்தோம். பச்சை பூட்ஸும் மஞ்சள் பூட்ஸுமாக வந்தாள். வட்ட மேசைக்குக் கால் அகலம். சக்கர நாற்காலி அதில் ஒட்டி நிற்காது. லாயின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் டிரம்மோடு ஒட்டி நிறுத்தினாள். மேசை விரிப்புகளின் அடுக்கிலிருந்து ஒரு சிவப்பு விரிப்பை உதறி டிரம்மின் மேல் போட்டாள். உள்ளங்கையால் சுருக்கம் நீவினாள். பிறகு இடுப்புப் பையிலிருந்து இரண்டு ஜோடி சாப்பாட்டுக் குச்சியை எடுத்து, ஒன்றை லாய்க்கு முன்னாலும், ஒன்றை அதற்கு எதிர்ப்பக்கம், பெங் நின்றிருந்த இடத்துக்கு நேராகவும் வைத்தாள்.