பருத்தியில் ஏறிய களை மருந்து

பயிரிலும் மண்ணிலும் தங்கிய களைக்கொல்லியை அளக்கும் ஆய்வுக்கூடத்தில் அப்போது வேலை பார்த்தேன். விக்கிரமங்கலத்துப் பக்கம் ஒருவருடைய பருத்தி இலையெல்லாம் சுருங்கி, விரல் விரலாகப் பிரிந்து, வெண்டை இலை போல ஆகிவிட்டது என்று போனேன். பக்கத்துக் காடு அவருடைய சித்தப்பா மகனுடையது, மக்காச்சோளம். சோளத்துக்கு அடித்த களை மருந்து காற்றில் வந்து தன் பருத்தியைக் கெடுத்துவிட்டது என்றார் பருத்திக்காரர்.

பருத்திக் காடு முழுக்க இலை பறித்துவிட்டு, வரப்போரம் மண் எடுத்துக்கொண்டிருந்தேன். சோளக்காரர் வேகமாக வந்தார்.

"யாரக் கேட்டு மண்ணு எடுக்கறீங்க? என்னைய உள்ள தள்ளவா?"

"நாந்தான்டா கூப்புட்டேன். எம் பருத்தியக் கொன்னுட்டுப் பேச்சு வேறயா?" என்று பருத்திக்காரர் அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார்.

விழுந்தவர் எழும்போது கையில் வரப்பில் கிடந்த மண்வெட்டி. முதல் வீச்சு தப்பியது. இரண்டாவது பருத்திக்காரர் தோளில் இறங்கியது. எலும்பில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. குறுக்கே போன என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டு, கீழே கிடந்தவரை மிதித்தார். பருத்திக்காரரின் மனைவி ஓடிவந்து மண்ணை அள்ளிச் சோளக்காரர் கண்ணில் வீசிய பிறகுதான் அடி நின்றது.

எங்கள் ஆய்வுக்கூட ஜீப்பிலேயே அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் துப்பட்டாவை வைத்து அழுத்தியும் ரத்தம் சீட்டில் வழிந்தது. உயிர் தப்பியது, அந்தக் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போயிற்று. சோளக்காரரைப் போலீஸ் பிடித்துப் போனது.

இலையை அரைத்து, மருந்தைப் பிரித்தெடுத்து, ஜி.சி.யில் செலுத்தினேன். கலந்து கிடப்பவற்றை ஆவியாக்கித் தனித்தனியாகக் காகிதத்தில் கோடுகளாகக் காட்டும் கருவி அது. களை மருந்துக்குரிய கோடு எழும்பியது. காற்றில் வந்ததென்றால் வரப்போரச் செடிகளில் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். இங்கே எல்லாச் செடியிலும் ஏறக்குறைய ஒரே அளவு. வரப்போர மண்ணில் பேருக்குத்தான் இருந்தது. சந்தேகப்பட்டு, பருத்திக்காரருடைய ஸ்பிரேயரைக் கழுவிய தண்ணீரையும் எடுத்துவந்து பார்த்தேன். கோடு காகிதத்தின் விளிம்பை முட்டியது.

சொல்வதற்கு நேரில் போனேன்.

"இந்த டேங்க்ல களை மருந்து கலந்தீங்களா?" என்று ஸ்பிரேயரைக் காட்டிக் கேட்டேன்.

"வாய்க்கா கோரைக்கு அடிச்சேன். அப்பறம் அலசிட்டுத்தான் பருத்திப் புழுவுக்கு அடிச்சேன்."

"வெறும் தண்ணில அலசுனா போவாதுங்க. பருத்திக்குக் கொஞ்சூண்டு போதும்."

அவர் நல்ல கையால் கடப்பாரையை எடுத்து ஸ்பிரேயரை அடித்தார். வலியில் கத்திக்கொண்டே அடித்தார். பிளாஸ்டிக் சில்லு என் கன்னத்தில் தெறித்தது. பிறகு கடப்பாரையோடு என் பக்கம் திரும்பினார்.

"வெளிய சொன்னீங்க, கொன்னுடுவேன்."

"அவங்கள எதுக்கு மெரட்டற?" என்று மனைவி குறுக்கே வந்து நின்றார். "நானே போயி சொல்லிட்டு வரேன்."

சோளக்காரர் வீட்டு வாசலில் நின்று சொன்னார். உள்ளேயிருந்து வந்த சோளக்காரரின் மனைவி பளாரென்று அறைந்தார். இவர் திருப்பிக் கை ஓங்கவில்லை.

வழக்கில் என் ஆய்வு முடிவால் ஒன்றும் மாறவில்லை. வெட்டியது வெட்டியதுதான் என்று சோளக்காரருக்குச் சிறை கிடைத்தது. அவர் பிடிபட்ட அந்தப் போகமே சோளம் ஒடிக்க ஆளில்லாமல் நின்றபோது பருத்திக்காரரின் மனைவி கூப்பிடாமலே போய் ஒடித்துக் கொடுத்தாராம்.