டிகிரிதான மேடம்?

வேக்குவம் பம்ப் எண்ணெய் சூடானால் ஒரு நாற்றம் வரும்... கருகின வடைச்சட்டி மாதிரி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் முதன்முதலாக வேலை பார்த்த ஷெட் முழுக்க அந்த நாற்றம்தான். துப்பட்டாவில் ஏறிக்கொண்டு, இரண்டு ரயில் மாறி, திருநின்றவூர் வீடு வரைக்கும் கூடவே வரும்.

விண்கலத்தை மின்சாரத்தால் தள்ளும் எஞ்சினுக்கு ஒரு தீக்குச்சி வேண்டும். அதன் பெயர் ஹாலோ கேத்தோடு. சுண்டுவிரல் அளவு குழாய், அதற்குள் ஒரு குட்டி உருளை. உருளையைச் சூடாக்கி செனான் வாயுவை விட்டால் உள்ளே பிளாஸ்மா பற்றிக்கொள்ளும். எவ்வளவு சூட்டில் பற்றும், எத்தனை நாள் தாங்கும் என்று கம்ப்யூட்டரில் சிமுலேஷன் ஓட்டிச் சொல்வது என் வேலை. நிஜமாகச் சூடேற்றுவது அருள்தாஸ் அண்ணா.

அவர் கவரைப்பேட்டைக்காரர். இங்கே வருவதற்கு முன் இரும்பு உருக்காலையில் ஃபிட்டர். அம்மா அப்பா இருவரும் வயல் கூலிக்குப் போனவர்கள்... குடும்பத்திலேயே ஏசி ரூமில் வேலை பார்க்கும் முதல் ஆள் தான்தான் என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவார். காலையில் என் மேஜைக்கு வந்து, "நாஷ்டா ஆச்சா மேடம்? உங்க பொட்டி இன்னா சொல்லுது?" என்பார். பொட்டி என்றால் என் கம்ப்யூட்டர்.

பொட்டி பல வாரம் ஒன்றுமே சொல்லவில்லை. ரன் பாதியில் நின்று நின்று என் உயிரை வாங்கியது. ஒருநாள் ஒருவழியாக விடை வந்தது... 1350. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. திரையில் பிளாஸ்மாவை விதவிதமாகக் கலர் மாற்றி ரசித்துக்கொண்டே, "1350 வரைக்கும் ஏத்துங்கண்ணா" என்றேன்.

"டிகிரிதான மேடம்?"

"ஆமாண்ணா."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை நான்.

என் கணக்கெல்லாம் கெல்வினில். அதில் 273 கழித்தால்தான் செல்சியஸ். ஆனால் அந்த ஷெட்டில் டிகிரி என்றால் செல்சியஸ்தான், எல்லோருக்கும். எனக்கும் அது தெரியும்...

வேக்குவம் தொட்டியின் கண்ணாடி ஜன்னலில் ஊதா வெளிச்சம் கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்புறம் அணைந்தது. மறுபடி பற்றவே இல்லை. 273 டிகிரி கூடுதல் சூட்டில், உருளையில் இருந்த, பற்ற உதவும் பேரியம் மொத்தமும் ஆவியாகிப் போயிருந்தது. எங்களிடம் இருந்தது அந்த ஒரு உருளைதான். வெளிநாட்டிலிருந்து அது வர மாதக்கணக்காகக் காத்திருந்தோம்.

முதலாளி எங்கள் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டார்.

"மேடம்தான் சார் டிகிரின்னு சொன்னாங்க. நானு கேட்டுக்கினுதான் ஏத்துனேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"ரிப்போர்ட்ல கெல்வின்னு தெளிவா போட்டிருக்கேன் சார்" என்றேன்.

அது பொய்யில்லை. அதுதான் இன்னும் என்னை அரிக்கிறது.

லாக் புத்தகத்தில் அண்ணாவின் கையெழுத்தில் 1350, பக்கத்திலேயே செல்சியஸ் என்று இருந்தது. அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, "வரேன் மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

இப்போது நான் வேறு கம்பெனியில். அப்போது ஒரு வாரம் ஓடின ரன், இப்போது மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடுகிறது. கேத்தோடும் சொன்ன சூட்டில் சமர்த்தாகப் பற்றுகிறது. நான் மட்டும் எந்த எண்ணைச் சொன்னாலும் கெல்வினா செல்சியஸா என்று இரண்டு தடவை சொல்வேன். கூட இருப்பவர்கள் எனக்கு 'செல்சியஸ் அக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பேன்.

போன மாதம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது கவரைப்பேட்டை ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். திரும்பவும் உருக்காலைதானாம். முழங்கை வரைக்கும் நெருப்புப் பொறி பட்ட புள்ளிகள்.

"இன்னா மேடம், ராக்கெட்டு வுட்டாச்சா?" அதே சிரிப்பு. அப்புறம் அவராகவே, "அன்னிக்கு அந்த பம்ப் சத்தத்துல நான்தான் சரியா கேட்டுக்கல போல கீது. ஊட்ல கூட சொல்லிக்கினு இருப்பேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

'இல்லண்ணா, நீங்க சரியாத்தான் கேட்டீங்க.' இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது...

ரயில் வந்தது. ஏறிவிட்டேன்.

அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் இந்தப் பக்கமெல்லாம் வந்து படிக்கமாட்டார். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.