கறுப்புக் கண்ணாடியும் ஒரு கைப்பிடி நந்தியாவட்டையும்

எனக்குப் பிறவியிலிருந்தே மாறுகண். இடது கண் எதிரே இருப்பவரைப் பார்த்தால் வலது கண் ஜன்னலைப் பார்க்கும். கல்லூரியில் சேர்ந்த வருடம் தர்மபுரி பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு கூலிங் கிளாஸ் வாங்கி மாட்டினேன். அன்றோடு என்னைப் பார்த்துச் சிரித்த வாய்கள் மூடிக்கொண்டன. நான் யாரைப் பார்க்கிறேன் என்று தெரியாததால் பஸ்ஸில் எல்லோரும் ஒழுங்காக உட்கார்ந்தார்கள். ஸ்கூட்டி வாங்கிய பிறகு கேட்கவே வேண்டாம். இண்டூர் டீக்கடையை நான் தாண்டினால் அங்கே பேச்சு நின்றுவிடும். திமிர் பிடித்தவள் என்றார்கள். 'ஒன்றரைக்கண்' என்று கூப்பிட்டதற்கு இது எவ்வளவோ தேவலை.

பிறகு ஏரியூர்ப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. அவர்களிடம் போன போட்டோவில் நான் கண்ணாடியோடுதான் இருந்தேன். அதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோங்க" என்று போனவர்கள். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. மூன்றாவதும் அப்படிப் போனால் என்னால் தாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். பெரியம்மாதான் ஒரு வழி சொன்னாள்.

"மெட்ராஸ் ஐ வந்திருக்குன்னு சொல்லிப்புடலாம். கண்ணாடியக் கழட்ட வேண்டியதில்ல, அவங்களும் கிட்ட வரமாட்டாங்க. பூ வெச்சு உறுதி பண்ணட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

கண்ணைப் பார்த்தாலே மெட்ராஸ் ஐ ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிற ஊர் எங்களுடையது. எனக்கு எரிச்சலாக வந்தது. பயம் அதைவிட அதிகமாக இருந்ததால் சரி என்றேன்.

பட்டுப் புடவையும் கறுப்புக் கண்ணாடியுமாகக் காபித் தட்டோடு போய் நின்றேன். பெரியம்மா விஷயத்தைச் சொன்னதும் மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியை ஓரடி பின்னால் இழுத்துக்கொண்டார். எல்லாம் நினைத்தபடிதான் போனது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வாசலுக்குப் போனார். எங்கள் நந்தியாவட்டைச் செடியில் ஒரு கைப்பிடி பூவைப் பறித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"இத கண்ணு மேல வெச்சா குளுகுளுன்னு இருக்கும் சாமி. கண்ணாடியக் கழட்டு."

"உங்களுக்கு ஒட்டிக்குங்க!" என்று பெரியம்மா குறுக்கே பாய்ந்தாள்.

"ஒட்டுனா ஒட்டிட்டுப் போவுதுங்க."

தனக்கு நோய் வந்தாலும் பரவாயில்லை என்று ஒருவர் பூவோடு நிற்கிறார். அவரிடம் இன்னொரு பொய்யா? எனக்கு வெட்கமாகிவிட்டது. நானே கழற்றினேன்.

"கண்ணு நோவு இல்லீங்க. பொறந்ததுல இருந்தே இப்படித்தாங்க. பொய் சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க."

என் அப்பா தரையைப் பார்த்தார். மாப்பிள்ளைதான் முதலில் வாய் திறந்தார்.

"இப்ப நீங்க என்னையப் பாக்கறீங்களா, செவுத்துல இருக்கற காலண்டரையா?"

வேறு யாராவது கேட்டிருந்தால் காபித் தட்டு பறந்திருக்கும். அவர் குரலில் கிண்டல் இருந்தது, இளக்காரம் இல்லை.

"உங்களத்தாங்க. அப்படியே நல்ல நாள் இருக்குதான்னும் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் அம்மா சிரித்துவிட்டார். கண்ணுக்கென்று பறித்த பூவை என் தலையில் செருகினார்.

கூலிங் கிளாஸ் இப்போதும் போடுகிறேன், வெயிலுக்குக் கொஞ்சம், திமிருக்குக் கொஞ்சம். கல்யாண போட்டோவில் மட்டும் அதை அவர் போட்டிருக்கிறார். நான் போடவில்லை.