நான் கிழித்த சட்டை

எனக்குக் கோபம் கெதியில் வரும். அதை மறைக்கவும் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, லண்டனின் சட்டன் பகுதியில் மகன் ரக்பி விளையாடுவதை முதல்முறையாகப் பார்க்கப் போனேன். குரோய்டன் பள்ளிக்கூடத்தோடு போட்டி. இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் ஆகாது. முடியும் நேரத்தில் நாங்கள் இரண்டு புள்ளி பின்னால் நின்றோம். மகன் பந்தோடு ஓடினான். புள்ளி எடுக்கும் கோட்டுக்குக் கிட்ட, எதிரணித் தலைவனான பெரிய வெள்ளைப் பெடியன் அவனை விழுத்தினான். மேலே இன்னும் நாலு பேர் விழுந்தார்கள்.

தெருவில் வெள்ளைப் பெடியளிடம் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அடி விழுந்த காலம் அது. விளையாட்டின் விதி எனக்குத் தெரியாது. உள்ளே ஓடி, அந்தப் பெடியனின் கொலரைப் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்தது.

"அப்பா, வெளியால போங்கோ. இதுதான் விளையாட்டு," என்று மகன் கத்தினான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

நான் உள்ளே புகுந்ததற்குத் தண்டனையாக நடுவர் பந்தை எதிரணிக்குக் கொடுக்கப் போனார். அந்தப் பெடியன்தான் மறித்தான்.

"பந்து அவங்களிட்டயே இருக்கட்டும் சார். தகப்பன் பயந்திட்டார், அவ்வளவுதான்."

அந்தப் பந்தில் மகனின் அணி வென்றது. தோற்ற பெடியன் கிழிந்த சட்டையோடு வந்து எனக்குக் கைகொடுத்தான்.

"நல்ல பிடி சார். அடுத்தமுறை எங்கட பக்கம் விளையாடுங்கோ."

என் முகத்தைப் பார்க்காமல் நின்ற மகன் சிரித்துவிட்டான். பஸ்ஸில் சொன்னான்: "அடுத்த மட்சுக்கும் வாங்கோ அப்பா. கோட்டுக்கு வெளியால நிண்டால் சரி."

பிறகு அவன் விளையாடிய எல்லா மட்சுக்கும் போனேன். லண்டனில் நான் திட்டாத ஆள் குறைவு. அந்தப் பெடியனை மட்டும் இன்றுவரை வாழ்த்திக்கொண்டிருக்கிறேன்.