குழாயடியில் எடுத்த படம்

தெருவைப் படம் பிடிக்கிற தொழிலில் ஒரே ஒரு கஷ்டம்தான், தெருவில் ஆட்கள் இருக்கிறார்கள். மலையை எடுக்கிறவனுக்கும் குருவியை எடுக்கிறவனுக்கும் இந்தத் தொல்லை கிடையாது. பாபநாசம் அருவி என்றைக்காவது "என்னை எதுக்குவே எடுத்தீரு?" என்று கேட்டிருக்கிறதா? காமிராவும் கையுமாகச் சந்து சந்தாய் அலைகிற சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும், வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள்.

எனக்குத் திருநெல்வேலி டவுனில் ஒரு சின்ன ஸ்டூடியோ. பாஸ்போர்ட் படம், காதுகுத்து, கல்யாணம் எல்லாம் உண்டு. காலையில் கடை திறக்கும்வரை ரத வீதிகளையும் அவற்றுக்குப் பின்னால் இருக்கிற சந்துகளையும் படம் எடுத்து முகநூலில் போடுவேன். யாரும் கேட்கவில்லை, நானாகப் பிடித்துக்கொண்ட பீடை. இந்தப் பீடையால் போன வருஷம் ஒரு பெண்ணின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. பைய வருகிறேன் அதற்கு.

சும்மா இருக்கும்போது

முக்கு டீக்கடையில் மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். காலை வெயில் சரிந்து விழ, ஆவி மேலே போக, அப்படி ஒரு காட்சி. காமிராவைத் தூக்கினேன். மாஸ்டர் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு நிமிஷம் அண்ணாச்சி" என்று உள்ளே போய்விட்டார். டீக்குக் காத்திருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எந்தக் காமிராவாலும் எடுக்க முடியாது.

திரும்பி வரும்போது வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு, தண்ணீர் தொட்டு வாரிய தலை. பாய்லர் பக்கத்தில் கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார். ஆவியும் போச்சு, வெயிலும் போச்சு. "மாஸ்டர், எப்பவும் போல சும்மா டீ ஆத்துங்க" என்று கெஞ்சினேன். மனிதர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "சும்மா இருக்கும்போது யாராவது போட்டோ எடுப்பாவளா அண்ணாச்சி? செத்தவனையே குளிப்பாட்டிப் பொட்டு வச்சுல்லா எடுக்காவ."

எந்த ஆபீஸு?

ஒரு பலசரக்குக் கடை. வாசலில் வற்றல் மூட்டை, புளி, தெருப்பாதி வரைக்கும் விளக்குமாறு. எனக்கு வேண்டியது அந்தத் தெருப்பாதிதான். நான் ஒரு கண்ணை மூடியதும் கடைக்கார அண்ணாச்சி மூட்டைகளை உள்ளே இழுக்க ஆரம்பித்தார். ஆக்கிரமிப்பை அளக்க வந்தவன் என்று நினைத்துவிட்டார். நான் இல்லை என்று சொல்லச் சொல்ல இன்னும் வேகமாக இழுக்கிறார். பாவமாகப் போய், நானும் ஒரு மூட்டைக்குக் கை கொடுத்தேன்.

கடைசியில், கருப்பட்டிக் காப்பி கொடுத்து உட்காரவைத்து விசாரித்தார். எந்த அலுவலகமும் இல்லை, பத்திரிகையும் இல்லை, என் ஆசைக்குத்தான் எடுக்கிறேன் என்றேன். அவருக்கு நிம்மதி வரவில்லை, மனசு விட்டுப்போனது. வெளியே கிடந்த வெயிலையும் என் சட்டை வேர்வையையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரும் அனுப்பலையா? பொறவு என்னத்துக்குவே இப்பிடிச் சீரழியுதீரு, வீட்டுல ஏதும் பிரச்சினையா?"

பச்சைக் குடம்

தாமிரபரணி கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. ஆனாலும் எங்கள் சந்துக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். அங்கே ஒரு சட்டம் உண்டு. குடத்தை வரிசையில் வைத்துவிட்டால் ஆள் நின்ற மாதிரி, வீட்டுக்குப் போய் வேலையைப் பார்க்கலாம். ஆனால் தண்ணீர் வந்தபிறகு, ஆள் இல்லாத குடத்துக்கு மரியாதை கிடையாது, கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள்.

அன்றைக்குக் கோமதி அக்காவின் பச்சைக் குடம்தான் முதலில் நின்றது. சந்து முனையில் இடியாப்பம் விற்கிறவர், என்மேல் பிரியம் உள்ளவர். என் காமிராவைப் பார்த்ததும், பூ வைத்துக்கொண்டு வருகிறேன் என்று வீட்டுக்குள் ஓடினார். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி பச்சைக் குடத்தைத் தள்ளினாள். அக்கா பாதி வைத்த பூவோடு பாய்ந்து வந்தார். குடம் தலைக்கு மேலே, வாய் திறந்து, கண்ணில் தீ. நான் அமுக்கிவிட்டேன். என் ஆயுசில் எடுத்த நல்ல படம் அதுதான். சண்டை முடிந்து, குடம் நிறைந்து, இடுப்பில் ஏற்றிக்கொண்ட பிறகு அக்கா என் பக்கம் வந்தார். "படத்துல பூவு விழுந்திருக்கா தம்பி?"

ஒரு வார்த்தை

பூ விழுந்திருந்தது. படத்தை முகநூலில் போட்டேன். அதை எவனோ எடுத்து, "ஏலே, எங்க ஊர்ப் பொம்பளைட்ட மோதாதலே" என்று எழுதி வாட்ஸப்பில் விட்டான். ஊரெல்லாம் சுற்றியது. நான் அழித்து என்ன பிரயோஜனம், அது அடுத்த ஜில்லாவுக்கே போய்விட்டது.

கோமதி அக்காவுக்கு ஒரே மகள், உமா. பள்ளிக்கூடத்து டீச்சர். வந்த ஜாதகமெல்லாம் தட்டிப்போய், கடைசியில் ஏரலில் பாத்திரக்கடை வைத்திருக்கிற ஒரு குடும்பம் பெண் பார்க்க வருவதாக இருந்தது. வருவதற்கு முந்தின நாள் தரகர் போன் பண்ணி, மாப்பிள்ளையின் அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார், இது அந்த வீடுதானா என்று கேட்கிறார் என்று சொல்லியிருக்கிறார். அக்கா என் ஸ்டூடியோவுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். இதுவும் போச்சென்றால் உமா இனி கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றார். எனக்குக் காமிராவைத் தூக்கி ஆற்றில் போட்டுவிடலாம் போல இருந்தது. "நாடகத்துக்காக நடிக்கச் சொல்லி எடுத்த படம்னு ஒரு வார்த்தை வந்து சொல்லிரு தம்பி. நீ சொன்னா நம்புவாவ, நீதான எடுத்தவன்."

ஏரல்காரம்மா

போனேன். மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பேசியதெல்லாம் அந்த அம்மாதான். பஜ்ஜியைத் தொடவில்லை, நேராகச் செல்போனை எடுத்து என் முன்னால் நீட்டி, "இது நீங்க எடுத்ததா?" என்றார். நானும் மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்தேன். நாடகம், நடிப்பு, குடம்கூட இரவல் குடம் என்று கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டேன். அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "நடிப்பா?" என்று செல்போனைப் பைக்குள் போட்டார். கோமதி அக்கா அவசரமாக, "எம் மக வாயே திறக்க மாட்டா மதினி" என்றார். அந்த அம்மா கணவரைப் பார்த்தார், கணவர் எழுந்திருக்கத் தயாரானார்.

காப்பித் தட்டோடு வந்த உமா தட்டை டக்கென்று கீழே வைத்துவிட்டு என்னைக் கை காட்டினாள். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல். "மாமா பொய் சொல்லுதாவ. அது நடிப்பு இல்ல. நான் குளிச்சிட்டு ஸ்கூலுக்குப் போணும்னு எங்கம்மா இருட்டோட எந்திரிச்சு வச்ச குடம் அது. அதைத் தள்ளிவிட்டா கேக்க மாட்டாளா? நான் அங்கன நின்னிருந்தா நானுந்தான் கேட்டிருப்பேன். பிடிக்கலன்னா போங்க, எங்கம்மாவை நடிச்சான்னு சொல்லாதிய."

கோமதி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஏரல்காரம்மா மறுபடி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு பஜ்ஜியை எடுத்தார். தன் வீட்டு ஆண்கள் இரண்டு பேரையும் கையால் காட்டினார். "இதுகளைப் பாருங்க, கடையில கடன் கேட்டு வாரவனுக்கு இல்லைன்னு சொல்லத் தெரியாது. எனக்கும் வயசாச்சு, பேச ஒரு ஆளு வேணும்னுதான் இந்தப் படத்தைப் பாத்துட்டு, தாயை மாதிரிதான மகளும் இருப்பான்னு இம்புட்டு தூரம் ஆசையா வந்தேன். நல்லவேளை தாயி நீ பேசுன, இல்லன்னா இந்தக் காமிராக்காரரு பேச்சை நம்பி எந்திரிச்சிருப்பேன்."

ஆக, சக பாவிகளே, நம் தொழிலில் படம் எடுக்க அரை நொடி போதும், அதற்குப் பதில் சொல்லித் தீர்க்கத்தான் ஒரு ஆயுசு பற்றாது.