பனம்பழம் சுட்ட நெருப்பு

1996 யூன் 24, திங்கள். ரொறன்ரோவிலிருந்து கலிபோர்னியாவுக்கு விடுமுறையில் வந்த மூன்றாம் நாள். ராட்சத மரக்காட்டின் வாசலில் உள்ள சிற்றூரில் தங்கியிருந்தோம். ஆறு மணிக்கு எழுந்து தேநீர் குடித்தேன். எட்டேகாலுக்கு மனைவியோடு காட்டுக்குப் போனேன். எங்கும் புகை மணத்தது.

"ஐயோ, காடு எரியுதப்பா!" என்றாள் மனைவி.

காட்டுக் காவலர் சிரித்தார். தாங்களேதான் கொளுத்தினார்களாம். சூடு பட்டால்தான் அந்த மரங்களின் காய்கள் விரிந்து விதை கொட்டுமாம். எனக்குப் பழைய நெருப்பொன்று ஞாபகம் வந்தது.

யாழ்ப்பாணத்தில், ஒன்பது வயதில், எங்கள் வளவுக்குள் களவாகப் பனம்பழம் சுட்டேன். நெருப்பு காய்ந்த காவோலையில் தொற்றி, ஐயா வளர்த்த இருபத்தாறு இளம் வடலிப் பனைகளும் கருகின. ஐயா ஒன்றும் விசாரிக்கவில்லை. அண்ணையைக் கூப்பிட்டு, பூவரசந்தடி முறியும்வரை அடித்தார். அண்ணைதான் கொளுத்தினார் என்று ஐயா நினைத்துவிட்டதாக எண்ணினேன். வாய் திறக்கவில்லை. முப்பத்தொன்பது வருடமாகத் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, தேநீருக்கும் முன்பாக, ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் இருக்கும் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"உது எனக்குத் தெரியாதே? அண்டைக்கு உன்ர வாயெல்லாம் பனங்களி," என்று சிரித்தார். "ஐயாவும் கண்டவர். தம்பியைப் பாக்காமல் விட்டதுக்குத்தான்ரா எனக்கு அடி."