பஞ்சு மில் சங்கும் மஸ்கட் வாட்சும்

மாமா மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது எனக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கொரு வாட்ச் கொண்டுவந்தார். அதற்கு முன் எங்கள் வீட்டில் மணி பார்க்கிற பொருள் என்று எதுவும் கிடையாது. அப்பா அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரி ஓட்டினார். வாரத்துக்கு ஒருமுறை வருவார், வந்ததும் தூங்கிவிடுவார். அம்மா பஞ்சு மில்லுக்கு வேலைக்குப் போனாள். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில், எங்கள் ஊர் எல்லையிலேயே இருந்தது மில். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்தெடுத்து, பஞ்சைப் பொதியாகக் கட்டி லாரியில் ஏற்றுவார்கள். அங்கே காலை எட்டு மணிக்கு ஒரு சங்கு ஊதும், மாலை ஐந்து மணிக்கு ஒரு சங்கு ஊதும். ஊரில் உலை வைப்பதும், மாடு பிடித்துக் கட்டுவதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டுவதும் அந்தச் சங்கை நம்பித்தான்.

மாமா இரண்டு வாட்சையும் பாயில் வைத்துவிட்டு, பெரியவன் முதலில் எடுக்கட்டும் என்றார். அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வெள்ளி நிறத்தில் சங்கிலிப் பட்டை போட்டதை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டான். எனக்கு மிஞ்சியது கறுப்பு ரப்பர் பட்டை. முகம் என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான். சின்னச் சதுரம், சாம்பல் நிறத்தில் குச்சி குச்சியாக எண்கள், ஓரத்தில் அழுத்துவதற்கு மூன்று பொத்தான்கள். கடையில் கூடையில் கொட்டி வைத்திருந்ததை அள்ளிக்கொண்டு வந்ததாக மாமாவே சொன்னார். அது எங்கள் இருவர் காதிலும் விழவில்லை. என்னுடையதுதான் நல்லது என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். அதை நிரூபிப்பது மட்டும்தான் பாக்கி.

அன்றே சோதனைகள் தொடங்கின. பட்டப்பகலில் போர்வைக்குள் புகுந்துகொண்டு விளக்கை எரித்துப் பார்த்தோம். அவனுடையதில் முகம் முழுக்க மங்கலாக வெளிச்சம் பரவியது. என்னுடையதில் இடது ஓரத்தில் மட்டும் பச்சையாக மினுங்கியது; மணி தெரியும், நிமிடத்தை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். அதில் எனக்குத் தோல்வி. பிறகு தண்ணீர்க் குடத்துக்குள் இரண்டையும் போட்டோம். என்னுடையது ஒன்றும் ஆகாமல் ஓடியது. அவனுடைய கண்ணாடியின் மூலையில் ஆவி படிந்து, ஓட்டு மேல் வைத்து வெயிலில் காய வைக்க வேண்டியிருந்தது. சங்கிலிப் பட்டை அவன் கைமயிரைப் பிடுங்கியது. வலித்தது என்று அவன் ஒப்புக்கொள்ளவே இல்லை, முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை மாட்டித் திரிந்தான். என் ரப்பர் பட்டை கடைசித் துளையிலும் தொளதொளவென்று கிடந்ததால், அம்மா கோணி ஊசியைச் சூடு பண்ணி இன்னொரு துளை போட்டுத் தந்தாள்.

கடைசியாக, எது சரியான மணி காட்டுகிறது என்கிற பெரிய கேள்விக்கு வந்தோம். அண்ணன் மாமாவின் ரேடியோவில் செய்திக்கு முன்னால் வரும் பீப் ஒலியைக் கேட்டு அவன் வாட்சைத் திருத்திக்கொண்டான். நான் காலையில் மில் சங்கு ஊதியபோது என்னுடையதை எட்டு மணிக்கு வைத்தேன். ஊரே நம்புகிற சங்கை விடவா ரேடியோ என்பது என் எண்ணம். அன்று மாலை சங்கு ஊதியபோது ஓடிப்போய்ப் பார்த்தால், என் வாட்சில் ஐந்து மணி எப்போதோ தாண்டியிருந்தது.

"ஒரே பகல்ல இம்புட்டு ஓடியிருக்கு. இதக் கட்டிக்கிட்டு இருந்தீன்னா எனக்கு முன்னாடி நீ கெழவி ஆயிடுவ" என்றான் அண்ணன்.

அழுதேன். சோற்றைத் தள்ளிவிட்டு மறுபடியும் அழுதேன். மாமாதான், இரண்டையும் ஒரே ரேடியோவில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். மறுநாள் காலையில் பீப் ஒலி வந்த நொடியில் இருவரும் சேர்ந்து பொத்தானை அழுத்தினோம். அதற்கப்புறம் அவை இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஓடின. ஒன்றை ஒன்று முந்தவுமில்லை, பிந்தவுமில்லை.

தப்பு செய்தது சங்குதான். காலையில் இரண்டு வாட்சிலும் எட்டு ஆவதற்கு நன்றாக முன்னாலேயே ஊதியது. மாலையில் இரண்டிலும் ஐந்து தாண்டி, போதும் போதும் என்று ஆன பிறகு ஊதியது. ஒருநாள் அல்ல, அந்த வாரம் முழுக்க அப்படித்தான். அண்ணனுக்கு அதில் சுவாரசியம் போய்விட்டது. அவன் வாட்சை மாட்டிக்கொண்டு கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். நான் விடவில்லை. காலையில் முந்தியும் மாலையில் பிந்தியும் போகிற கடிகாரம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஏதோ கடிகாரங்களுக்கு வருகிற விநோதமான வியாதி என்று பட்டது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் வேலையிலிருந்து வந்து, தலைமுடியில் சிக்கியிருந்த பஞ்சுத் துணுக்குகளைச் சீப்பால் வாரி எடுத்துக்கொண்டிருந்தாள். சீப்பு பாதியில் நின்றது.

"காலையில முன்னாடியேவா ஊதுது? நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு வாட்சுலயும் பாத்தேம்மா."

சங்கு ஊதிய பிறகு மில் வாசலுக்குப் போகிறவர்களுக்கு அரைநாள் கூலியைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் அம்மா காலையில் நின்றபடியே இரண்டு வாய் தின்றுவிட்டு, ஈரத் தலையோடு ஓடுவாள். மாலையில் டவுன் பஸ் ஐந்து மணிக்குக் கொஞ்சம் பிந்தி எங்கள் ஊரைத் தாண்டும். மில்லுக்கு வேலைக்கு வரும் பக்கத்து ஊர்ப் பெண்கள் வெளியே வரும்போது அது போயிருக்கும். அவர்கள் சாலையோரமாக நடந்தே வீடு போவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயங்கள்தான். ஆனால் சங்கோடு சேர்த்து நான் நினைத்துப் பார்த்ததில்லை. அம்மா நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். சீப்பில் சேர்ந்த பஞ்சை உருட்டி வெளியே எறிந்தாள்.

"யார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றாள் கடைசியில்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு கடிகாரம் கெட்டுப்போயிருந்தால் அதன் சொந்தக்காரரிடம் சொல்ல வேண்டாமா? சொன்னால் மகிழ்ச்சியடைவார்கள், என் வாட்சின் அருமையும் ஊருக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை அண்ணன் குளிக்கப் போன நேரத்தில் அவன் வாட்சையும் எடுத்து இன்னொரு கையில் மாட்டிக்கொண்டு மில்லுக்குப் போனேன்.

சங்கு அப்போதுதான் ஊதி முடித்திருந்தது. பெண்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். வாசலில் மேஸ்திரி நின்று ஒவ்வொரு பையாகத் தடவிப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். பெரிய மீசை, வெள்ளைச் சட்டை. நான் நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"உங்க மில்லு கடியாரம் ரிப்பேருங்க. காலையில முந்துது, சாயங்காலம் பிந்துது. நான் சரியான மணி சொல்றேன், மாத்தி வச்சிக்குங்க."

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு வரிசை முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது. மேஸ்திரி குனிந்து என் கையைப் பிடித்து வாட்சைப் பார்த்தார்.

"எந்த ஊரு வாட்சு பாப்பா?"

"மஸ்கட்டு."

"அந்த ஊருல இன்னம் சாயங்காலமே ஆவல, தெரியுமா? அந்த ஊரு மணிய வச்சிக்கிட்டு எங்க சங்குக்குக் கொற சொல்ல வந்துட்டியா?"

இப்போது பலரும் சிரித்தார்கள். என் காது சுட்டது. ஆனாலும் நான் நகரவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "ரேடியோ பாத்து வச்சது. ரெண்டும் ஒரே மணிதான் காட்டுது, பாருங்க" என்றேன்.

அவர் பார்க்கவில்லை. வரிசையில் அம்மாவைத் தேடி, "புள்ளய வூட்ல அடக்கி வையி" என்றார். அம்மா வந்து என் கையைப் பிடித்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. பஸ் போயிருந்தது. பக்கத்து ஊர்ப் பெண்கள் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் இளவயதுக்காரி ஒருத்தி, வீட்டில் கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவள், திரும்பி வந்து "எங்க காட்டு பாப்பா" என்று என் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா விளக்கைக்கூடப் போடாமல் என்னை எதிரில் உட்கார வைத்தாள்.

"இதுல நெனச்ச நேரத்துக்குச் சத்தம் வர வைக்கலாமாமே. அஞ்சு மணிக்கு வர வைக்க முடியுமா?"

அலாரம் வைக்கக் கற்றுக்கொடுத்தேன். பருத்திக்காய்த் தோடு கிழித்துத் தடித்துப்போன விரல்களுக்கு அந்தப் பொத்தான்கள் அகப்படவில்லை. கொண்டை ஊசியின் முனையால் அழுத்தினாள். மணி மாறிப்போனது, தேதி மாறிப்போனது, என்னுடைய வாட்ச் கெட்டுவிடும் என்று நான் கத்தினேன். அவள் அசரவில்லை. எல்லாவற்றையும் திருத்தச் சொல்லி, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். நான் தொடாமல், தானே வைத்து, அது கீக் கீக் என்று கூவிய பிறகுதான் எழுந்து சோறு வடிக்கப் போனாள். திங்கட்கிழமை வாட்சைத் தனக்குத் தர வேண்டும் என்றாள். சாயங்காலமே திருப்பித் தருவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் நானும் அண்ணனும் மில்லுக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்கு ஓடினோம். அண்ணன் தன் வாட்சைப் பிடித்துக்கொண்டு நொடிகளைப் பார்த்தான். அதில் ஐந்து ஆனது. உள்ளே என் வாட்ச் கூவியிருக்கும். இயந்திரச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. மில் சங்கு மூச்சுவிடவில்லை. அம்மா வரவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தான்.

பிறகு வந்தாள். தலையிலும் புருவத்திலும் பஞ்சோடு, ஓடாமல், ஆற அமர நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் கைக்குழந்தைக்காரி. அவளுக்குப் பின்னால் மற்ற எல்லாப் பெண்களும். மேஸ்திரி அவர்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் ஓடிவந்தார்.

"சங்கு ஊதலியே! யாரு வுட்டா உங்கள? உள்ள போங்க!"

அம்மா கையை உயர்த்திக் காட்டினாள். என் கறுப்பு ரப்பர் பட்டை, என் சதுர வாட்ச்.

"அஞ்சு ஆயிடுச்சுங்க. இது ஊதிடுச்சு" என்றாள்.

அவர் ஏதோ கத்தினார். அதற்குள் டவுன் பஸ் வந்துவிட்டது. அந்த நேரத்தில் அந்த நிறுத்தத்தில் அவ்வளவு பெண்களை டிரைவர் பார்த்ததே கிடையாது. வண்டியை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டிருந்தார். பக்கத்து ஊர்ப் பெண்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். பஸ் புறப்பட்ட பிறகுதான் மில் சங்கு அவசர அவசரமாக அலறியது. பஸ்ஸுக்குள்ளிருந்து அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. ஜன்னல் வழியாக எத்தனையோ கைகள் எங்களைப் பார்த்து ஆடின. அம்மா சிரிக்கவில்லை. வாட்சைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, சொன்னபடி என்னிடம் கொடுத்தாள்.

மறுநாளிலிருந்து சங்கு இரண்டு வாட்சுக்கும் பொருந்தி ஊதியது, காலையிலும் மாலையிலும். மில் கடிகாரத்தை நான் ரிப்பேர் செய்துவிட்டதாக வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். அண்ணன் முதன்முறையாக என் வாட்சை ஒருநாள் மாட்டிக்கொள்ளக் கேட்டான். நான் தரவில்லை.

அதே வாரம் அம்மா மில்லுக்குப் போவதை நிறுத்தினாள். கேட்டதற்கு, "மில்லுல ஆளு போதுமாம்" என்றாள். ஆள் போதுமென்றால் போக வேண்டியதில்லைதானே என்று நானும் விட்டுவிட்டேன். புன்செய்க் காடுகளில் கூலிக்குப் பருத்தி எடுக்கப் போனாள். வாரக் கடைசியில் அப்பா வந்தார். அம்மா அவரிடம் மெதுவான குரலில் நடந்ததைச் சொன்னாள். அவர் அன்று தூங்கவில்லை. என்னைக் கூப்பிட்டு வாட்சை வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அலாரம் எப்படி வைக்கிறது, எனக்கும் காட்டு" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மில் பெண்கள் கூட்டமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு வாட்ச்! பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் தரையில் துணி விரித்து விற்கிறவனிடம் வாங்கியவை. எல்லாம் சதுரம், எல்லாம் குச்சி எண்கள். எது நல்லது என்று என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொன்றாக வாங்கி, விளக்கை எரித்து, பொத்தானை அழுத்தி, பட்டையை இழுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னேன். இது நீடிக்கும், இதில் எண் அழிகிறது, இதை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று அதிகாரமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் ரேடியோ மணிக்குத் திருத்தியும் கொடுத்தேன். என்னால் ஊரில் ஒரு நாகரிகமே பரவிவிட்டது என்று நினைத்தேன்.

அம்மா காட்டிலிருந்து வந்து, மடியில் ஒட்டியிருந்த சருகை உதறிவிட்டு, எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். அவள் கை மட்டும்தான் வெறுமையாக இருந்தது.

"அம்மா, நீயும் ஒண்ணு வாங்கிக்கயேன்" என்றேன்.

"எனக்கு எதுக்குடி? காட்டுல யாரு சங்கு ஊதுறா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அது நல்ல வேடிக்கையாகப் பட்டது. சங்கே இல்லாத இடமாகப் பார்த்து வேலைக்குப் போய்விட்ட அம்மாவின் சாமர்த்தியத்தை நினைத்து, மற்றவர்களை விடச் சத்தமாகச் சிரித்தேன். கைக்குழந்தைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. காப்பியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்தபடி வாட்சைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. புதுப்பட்டை கையை இறுக்குகிறது போலும் என்று எண்ணி, "குடுங்கக்கா, நான் தளத்தித் தரேன்" என்று கையை நீட்டினேன்.